நடந்ததில்லை என்று ஒரு வரி

பையை மடியில் வைத்துக்கொள்கிறேன், உட்காருங்கள் அக்கா. முசிறியில் ஏறினால் இந்த பஸ்ஸில் இடம் கிடைக்காது. நான் தொட்டியத்திலேயே ஏறிவிட்டேன். திருச்சிக்குத்தான். இல்லை, கல்யாணத்துக்கு இல்லை. சேலையைப் பார்த்துக் கேட்கிறீர்கள். இது மாநாட்டுச் சேலை. அரக்கில் மஞ்சள் கரை. இன்றைக்கு அங்கே ஆயிரம் பேர் இதே சேலையில் உட்கார்ந்திருப்பார்கள். மேடை ஏறுகிறவர்களுக்கு மட்டும் ஒரு பேட்ஜ் உண்டு. அது பைக்குள் இருக்கிறது. பஸ்ஸில் குத்திக்கொண்டு வந்தால் எல்லாரும் உற்றுப் பார்க்கிறார்கள்.

ஆமாம், நான் பேசுகிறேன். பெண்கள் எழுச்சி மாநாடு. எங்கள் மாவட்டத்தில் பேசியாகிவிட்டது, பக்கத்து மாவட்டங்களிலும் பேசியாகிவிட்டது. பதின்மூன்று மேடை. இன்றைக்கு மாநில அளவு. இன்று பேசுகிறவர்களில் ஐந்து பேரை எடுத்து ஊர் ஊராக அனுப்பப்போகிறார்கள், மற்ற பெண்களுக்குப் பேசச் சொல்லிக்கொடுக்க. அந்த ஐந்தில் நான் வருவேன் என்று ஜெசிந்தா மேடம் சொல்கிறார்கள். எங்கள் மகளிர் குழுக்களையெல்லாம் பார்த்துக்கொள்கிற தொண்டு நிறுவனத்தில் அவர்கள்தான் ஒருங்கிணைப்பாளர். “பரிமளா, நீங்க மைக்கப் பிடிச்சா ஹால்ல ஃபேன் சத்தம் மட்டுந்தான் கேக்குது” என்பார்கள்.

நான் பத்தாவது ஃபெயில். ரேஷன் கடையில் என் பேரைச் சொல்வதற்கே பக்கத்தில் நிற்பவரைச் சொல்லச் சொல்வேன். இப்போது பாருங்கள், பேர் தெரியாத உங்களிடம் பேசிக்கொண்டு வருகிறேன். அது மாநாடு எனக்குக் கொடுத்தது. அதை யாரும் இல்லை என்று சொல்ல முடியாது.

ஒரு காகிதம்தான் தொந்தரவு. வீட்டில் டி.வி. மேல் இருக்கிறது. கோடு போட்ட முழுத்தாள். அதில் நான் ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். திங்கட்கிழமைக்குள். இன்றைக்குச் சனிக்கிழமை. எழுதினால் என் வீட்டுக்காரருக்குப் போன வேலை திரும்பக் கிடைக்கும். எழுதினால் எனக்கு இனி மேடை கிடையாது. அவ்வளவுதான். சின்ன விஷயம். குணசீலம் வருவதற்குள் சொல்லி முடித்துவிடலாம்.

எங்களுக்கு ஒரு பெண் இருந்தாள். தர்ஷினி. ஆறு வயது. ஐந்து நாள் காய்ச்சல், டெங்கு என்றார்கள், ஆறாம் நாள் இல்லை. அது ஆகிறது எட்டு வருஷம். நான் அதைச் சொல்ல வரவில்லை. முன்னால் நடந்தது தெரிந்தால்தான் பின்னால் சொல்வது புரியும் என்பதற்காகச் சொன்னேன்.

எனக்கு அழுகை வரவில்லை அக்கா. எல்லாரும் கட்டிப்பிடித்து அழுதார்கள், நான் அவர்கள் தோளுக்கு மேலே சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகும் வரவில்லை. சோறாக்க வரவில்லை, குளிக்க வரவில்லை. பதினோரு மாதம். என் வீட்டுக்காரர் பேர் தனபால். பேரைச் சொல்லலாம், சொல்ல வேண்டும் என்று பயிற்சியில் சொல்லியிருக்கிறார்கள். ஒரு நர்சரி ஸ்கூலில் வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். காலையில் எழுந்து சோறு வடித்து, எனக்கு வெந்நீர் விளாவி வைத்து, தலை சீவிவிட்டு, அப்புறம்தான் வேனை எடுப்பார். ஒற்றைப் பின்னல் போட அவருக்குத் தெரியாது. பாப்பாவுக்குப் போட்டுப் பழகிய இரட்டை ஜடைதான் கை போகும். மடித்து ரிப்பன் கட்டிவிடுவார். முப்பது வயதுப் பொம்பளை இரட்டை ஜடையோடு வாசற்படியில் உட்கார்ந்திருப்பேன். தெருவில் சிரித்தார்கள். எதிர்வீட்டு மல்லிகா அக்கா நேராகவே கேட்டாள்.

“என்ன தனபாலு, பொண்டாட்டிய எல்.கே.ஜி.ல சேக்கப் போறியா?”

“ஃபீஸ் கட்டியாச்சுக்கா” என்று சொல்லிவிட்டு வேனை எடுத்துக்கொண்டு போனார்.

குணசீலத்துக்குக் கூட்டிப்போய் ஒரு மண்டலம் கோயிலில் தங்க வை, சித்தம் தெளிந்துவிடும் என்று அவருடைய அண்ணன் சொன்னார். “அழுகை வராததுக்கெல்லாம் அங்க சேத்துக்க மாட்டாங்க” என்று என் வீட்டுக்காரர் முடித்துவிட்டார். அவர் அப்படித்தான். சாதாரண ஆள். சொல்லிக்கொள்கிற மாதிரி ஒன்றும் இல்லை.

பன்னிரண்டாம் மாதம் அவரே என்னை வேனில் ஏற்றி மகளிர் குழுவில் கொண்டுபோய் விட்டார். “சும்மா உக்காந்துட்டு வா. பேச வேண்டாம்” என்றார். சும்மா உட்கார்ந்திருந்தேன். மூன்று வருஷம் உட்கார்ந்திருந்தேன். பிறகு சத்துமாவுக்குக் கேழ்வரகு வறுக்கச் சொன்னார்கள். வறுத்தேன். கை தானாக வறுக்கும், பதம் தப்பாது. அதைப் பார்த்துத்தான் போன வருஷம் மேடம் என் பேரைக் கொடுத்தார்கள். குழுவுக்கு ஒரு சாதனைப் பெண் மாநாட்டில் பேச வேண்டும்.

அதற்கு ஒரு நாள் பயிற்சி. சுவரில் சார்ட் ஒட்டி மூன்று கட்டம் போட்டிருந்தார்கள். அன்று நான், என் போராட்டம், இன்று நான். ஆளுக்கு ஐந்து நிமிஷம். முதல் கட்டத்தில் நான் பாப்பாவைச் சொன்னேன். மூன்றாவதில் சத்துமாவு. நடுக்கட்டத்தில் சொல்ல ஒன்றும் இல்லை.

“உங்களத் தடுத்தது யாரும்மா?” என்றார்கள் மேடம்.

“யாரும் தடுக்கல மேடம். காய்ச்சல்.”

“காய்ச்சல எதுத்து எப்படிம்மா போராடுவீங்க? கேக்கறவங்களுக்கு நம்மாலயும் முடியும்னு தோணணும். வீட்டுக்காரர் எப்படி? குடிப்பாரா?”

“பொங்கலுக்கு அவங்க அண்ணன் வந்தா ரெண்டு பேரும் கொல்லையில…”

“அப்ப குடிப்பாரு.” எழுதிக்கொண்டார்கள். “அடிச்சிருக்காரா?”

“ஒரு தடவ. கன்னத்துல கொசு இருந்துச்சுன்னு.”

எல்லாரும் சிரித்தார்கள். மேடமும் சிரித்தார்கள். நல்லவர்கள் அக்கா, கெட்டவர்கள் இல்லை. சிரித்து முடித்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்கள். “இங்க வர்றவங்கள்ல அடி வாங்காதவங்கள விரல் விட்டு எண்ணிடலாம். ஆனா ஒருத்தியும் வாயத் திறக்க மாட்டா. அவங்களுக்காக நீங்க சொல்லுங்க. வாய் மட்டுந்தான் உங்களுது.” அதில் தப்பு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. காகிதத்தில் எழுதிக் கொடுத்தார்கள். என் கணவர் தினமும் குடித்துவிட்டு வந்து என்னை அடிப்பார். நடுக்கட்டம் நிரம்பிவிட்டது.

பாப்பாவா? முதல் கட்டத்திலிருந்து அவளை எடுத்துவிட்டார்கள். இரண்டு துக்கம் இருந்தால் கேட்கிறவர்களுக்குக் குழம்பிவிடும்.

மேடையில் ஏறியதும் பாப்பாவைத்தான் சொல்ல நினைத்தேன். அங்கே போய் நின்றுகொண்டால் யார் தடுக்கப்போகிறார்கள்? ஆனால் மைக்குக்கு முன்னால் அவள் பேர் வரவில்லை. காகிதத்தைப் பார்த்து அந்த வரியைப் படித்தேன். அது சுலபமாக வந்தது. வேறு யாருக்கோ நடந்ததைச் சொல்கிற மாதிரி வந்தது. காகிதத்தில் இல்லாததும் வந்தது. கையைத் தூக்கி இடது காதைப் பொத்திக்கொண்டு, “இந்தக் காதுலதான் அடிப்பாரு” என்றேன். எங்கிருந்து வந்தது தெரியாது. மண்டபம் அடங்கிப்போனது. பின்வரிசையில் யாரோ விசும்பினார்கள். அதைக் கேட்டதும் எனக்கும் வந்துவிட்டது அக்கா. ஏழு வருஷமாக வராதது. மூக்கு ஒழுக, மைக்கில் கேட்க, ஓவென்று. எண்ணூறு பேர் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

கீழே இறங்கியதும் ஒவ்வொருத்தராக வந்து கையைப் பிடித்தார்கள். ரஹ்மத் என்று மணப்பாறைப் பெண் ஒருத்தி. சேலையை ஒதுக்கி முழங்கையைக் காட்டினாள். தோசைக்கல் வைத்த வடு. “அக்கா, நீங்க சொன்னது பூரா எனக்கு நடந்துச்சு” என்றாள். இன்றைக்கும் வாரம் ஒரு தடவை ஃபோன் பண்ணுகிறாள். புருஷனை விட்டுத் தனியாக வீடு பிடித்துப் போய்விட்டாள், தையல் வேலை. “உங்களாலதான்க்கா தைரியம் வந்துச்சு” என்பாள். என்னால் ஒருத்திக்குத் தைரியம். அதற்கு முன்னால் நான் இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

பொய் என்கிறீர்களா? நான் அழுதது பொய்யில்லையே.

யாரோ ஃபோனில் வீடியோ எடுத்து எங்கேயோ போட்டு, அது சுற்றிச் சுற்றி அவர் வேனில் வருகிற பிள்ளைகளின் அம்மாக்களிடம் போய்விட்டது. ஸ்கூல் கேட்டில் வைத்து ஒரு அம்மா அவரிடமே காட்டியிருக்கிறாள். முழுவதும் பார்த்திருக்கிறார். சாயங்காலம் வந்து, வேனைக் கழுவிவிட்டு, கைகால் கழுவிக்கொண்டு உட்கார்ந்தார்.

“நல்லா பேசியிருக்க. குரல் தெளிவா இருந்துச்சு.”

“ம்.”

“பாப்பாவப் பத்தி சொல்லலியா?”

“நேரம் பத்தல” என்றேன்.

டீ கேட்டார். போட்டுக் கொடுத்தேன். வேறு ஒன்றும் கேட்கவில்லை. சண்டை போட்டிருக்கலாம். சண்டை போட்டிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். அவரிடம் அதுதான் குறை.

மல்லிகா அக்கா மட்டும் தண்ணீர்க் குழாயில் வைத்துக் கேட்டாள். “ஏண்டி, அவனா அடிச்சான்? நாங்க எதுத்தாப்புலதான இருக்கோம். பாக்கலியே.”

“வீட்டுக்குள்ள நடக்கறது வெளிய தெரியுமாக்கா?” என்றேன். மேடம் மேடையில் சொல்கிற வரி அது. எனக்குத் தானாக வந்துவிட்டது. மல்லிகா அக்கா குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அன்றையிலிருந்து அவரிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள்.

அந்த வாரமே ஸ்கூலில் வேன் சாவியை வாங்கிக்கொண்டார்கள். தினமும் குடிக்கிறவர் வண்டியில் பிள்ளைகளை எப்படி அனுப்புவது? அவர்கள் கேட்டதும் நியாயம்தானே. நான் குடிப்பதில்லை என்று இவர் சொன்னால் யார் நம்புவார்கள்? குடிக்கிறவர்கள் எல்லாரும் அதைத்தான் சொல்கிறார்கள். பதினைந்து வருஷம் ஓட்டிய வண்டி. இப்போது வாழைத்தார் ஏற்றுகிற லோடு வண்டிக்குப் போகிறார். “வாழைத்தாருக்கு அம்மா அப்பா கெடையாது, ஒருத்தரும் கேள்வி கேக்க மாட்டாங்க” என்றார் ஒரு நாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். சட்டையெல்லாம் கறை. வாழைக்கறை போகாது, உங்களுக்குத் தெரியுமே.

புது டிரைவர் சரியில்லை போல. போன வாரம் ஸ்கூல் தாளாளர் அம்மா இவரைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். “உன்னப் பத்தி எனக்குத் தெரியும் தனபால். ஆனா பெத்தவங்களுக்கு நான் பதில் சொல்லணும். மேடையில சொன்னது நடந்ததில்லன்னு உன் சம்சாரம் ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுக்கட்டும். திங்கக்கிழமை வண்டிய எடு” என்றார்களாம்.

எழுது என்று அவர் என்னிடம் சொல்லவில்லை. அவர்கள் சொன்னதைச் சொன்னார். கடையிலிருந்து முழுத்தாள் இரண்டு வாங்கிக்கொண்டு வந்தார். ஒன்று தப்பாகிவிட்டால் இன்னொன்று. டி.வி. மேல் வைத்து, பறக்காமல் இருக்க ரிமோட்டை எடுத்து அதன்மேல் வைத்தார். அன்றையிலிருந்து நாங்கள் டி.வி. போடுவதில்லை. போட வேண்டும் என்றால் ரிமோட்டை எடுக்க வேண்டும்.

மேடத்திடம் கேட்டேன். கோபப்படவில்லை. “எழுதறது உங்க உரிமை பரிமளா. யாரும் தடுக்க மாட்டோம். ஆனா அந்தக் காகிதத்தையும் ஒருத்தன் ஃபோட்டோ எடுத்துப் போடுவான். அப்புறம் ரஹ்மத்தோட புருஷன் என்ன சொல்லுவான்? மேடையில ஏறுற பொம்பளைங்க எல்லாரும் புளுகுறாங்கன்னு சொல்லுவான். யோசிச்சுக்குங்க” என்றார்கள்.

யோசித்தேன். உண்மையைச் சொன்னால், யோசிக்க வரவில்லை. உட்கார்ந்தால் கேழ்வரகு வறுக்கிற மாதிரிதான், கை போகிறது, தலைக்குள் ஒன்றும் இல்லை. மேடையில் மட்டும்தான் எனக்கு ஏதாவது வருகிறது. அந்த ஐந்து நிமிஷம். அழுகிறேன், மூச்சு விட முடிகிறது. இறங்கியதும் பசிக்கிறது. அங்கே போடுகிற சாம்பார் சாதத்தை இரண்டு தடவை வாங்கிச் சாப்பிடுகிறேன். வீட்டில் எனக்குப் பசிப்பதில்லை. அதைப் போய் ஒரு வரியில் எப்படி எழுதிக் கொடுத்துவிடுவது?

காதையும் சொல்லவேண்டும். நாலைந்து மாதமாக இடது காதில் ஒரு இரைச்சல். தூரத்தில் மாவு மில் ஓடுகிற மாதிரி. முசிறியில் காது டாக்டரிடம் அவர்தான் கூட்டிப்போனார். டாக்டர் லைட் அடித்துப் பார்த்துவிட்டு, “ஒண்ணும் தெரியலையே. அடிகிடி பட்டுச்சா?” என்று என்னைக் கேட்டார்.

நான் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். “இல்ல சார்” என்று அவர்தான் சொன்னார். டாக்டர் சீட்டு எழுதுவதை நிறுத்திவிட்டு அவரையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

குணசீலம் போய்விட்டதா? கவனிக்கவில்லை. அப்படியென்றால் இன்றைக்குக் காலையில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன்.

விடிந்ததும் கிளம்பிக்கொண்டிருந்தேன். அடுப்படியில் நின்று டிபன் பாக்ஸை மூடிக்கொண்டிருந்தேன். அவர் பின்னால் வந்து, என் தலைக்கு மேலே அலமாரியில் இருந்த காப்பித்தூள் டப்பாவை எடுக்கக் கையைத் தூக்கினார். நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். காதைப் பொத்திக்கொண்டு, முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டு. மேடையில் நான் இப்படிச் செய்வதில்லை. மேடையில் நின்றுகொண்டுதான் பேசுவேன். இங்கே பார்க்க யாரும் இல்லை, மைக் இல்லை. உடம்பு தானாகச் செய்தது.

அவர் தூக்கிய கையோடு நின்றார். பிறகு மெதுவாக இறக்கினார். டப்பாவை எடுக்கவில்லை. என் எதிரே கொஞ்சம் தள்ளித் தரையில் உட்கார்ந்து, கை இரண்டையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

“பரிமளா” என்றார். “பாப்பா போன அந்த வருஷம் எனக்கும் சரியா ஞாபகம் இல்ல. வண்டி ஓட்டுனதே பாதி நாள் ஞாபகம் இல்ல. நெசமாவே அடிச்சேனா?”

நான் அவர் லுங்கியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“அடிச்சிருந்தா சொல்லிரு. அடிச்சிருந்தா நீ அத எழுத வேண்டாம். எனக்கு வேல கெடைக்கணும்னு பொய் எழுத வேண்டாம்.”

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. பையை அவர்தான் தூக்கிக்கொண்டு வந்தார். எப்போதும் பக்கத்தில் நடப்பார். இன்றைக்கு நாலடி முன்னால் நடந்தார், அவர் கை இரண்டும் எனக்குத் தெரிகிற மாதிரி.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பையை வெளியிலிருந்து ஜன்னல் வழியாகக் கொடுத்தார். கொடுத்துவிட்டுப் போகவில்லை. கேட்டதற்குப் பதில் வாங்கத்தான் நிற்கிறார் என்று தெரிந்தது. ஒரு சொல்தான் அக்கா. இல்லை என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? டிரைவர் டீ குடித்து முடித்து, ஏறி உட்கார்ந்து, கண்டக்டர் ஆள் எண்ணி விசில் அடிக்கிற வரைக்கும் நேரம் இருந்தது. நான் வாயைத் திறந்தேன்.

“கொடியில துணி கெடக்கு” என்றேன். “மழ வந்தா எடுத்து உள்ள போடுங்க.”

“சரி” என்று தலையாட்டினார். பஸ் நகர்ந்த பிறகும், கேட்டதற்குப் பதில் கிடைத்துவிட்டவர் மாதிரி, தலையாட்டிக்கொண்டே நின்றார்.